ஒன்பதாம் கேள்வி

தீயணைப்பு நிலையத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து, அதில் கடைசிப் பதினோரு வருடம் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவரை, தெருக்காரர்களும் உறவுக்காரர்களும் இன்றும் ஆபீசர் என்றே அழைத்தார்கள். சட்டை மடிப்புக் கலையாமல்தான் அவர் வாசலுக்கு வருவார். பேருந்து நிறுத்தத்தில் எத்தனை நேரம் காத்திருந்தாலும் கம்பத்தில் சாயமாட்டார். அறுபத்தோரு வயதில் முதுகு அப்படி நிமிர்ந்திருப்பது சும்மா வந்ததில்லை. அவருடைய அப்பா கிடங்கில் மூட்டை தூக்கியவர். எழுபத்தெட்டு வயதில், ஆயுசில் ஒரு ஊசிகூடப் போட்டுக்கொள்ளாமல், காலையில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் அப்படியே போய்ச் சேர்ந்தார். அண்ணன்மார் இருவரும் அதே வார்ப்பு. "நம்ம வீட்டுல மாத்திரை முழுங்கி நடமாடினவங்க கிடையாது" என்பதை ஆபீசர் பெண் பார்க்கப் போன இடத்திலும் சொன்னார், ஓய்வு பெற்ற நாள் மேடையிலும் சொன்னார். மற்ற குடும்பங்களுக்குச் சொல்லிக்கொள்ள நிலம் இருக்கும், பட்டம் இருக்கும். மூட்டை தூக்கியவர் பிள்ளைகளுக்கு உடம்புதான் இருந்தது, அதைச் சொல்லிக்கொண்டார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை.

ஆகவே, ஓய்வு பெற்ற மறு வருடம் வங்கி வரிசையில் நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வந்ததை மனைவியைத் தவிர யாருக்கும் அவர் சொல்லவில்லை. தன்னை எவருக்கும் தெரியாத ஒரு தெருவாகப் பார்த்து, ஒன்பது நிறுத்தம் தள்ளிப்போய் ஒரு டாக்டரைப் பார்த்தார். ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, நெஞ்சும் தாறுமாறாக அடிக்கிறது என்று டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். காலையில் ஒன்று, இனி ஆயுசு முழுக்க. அந்த அட்டை ஷூ பாலிஷ் டப்பாவுக்கு அடியில் குடியேறியது. மகளுக்கும் தெரியக் கூடாது என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "திருட்டு நகையா வெச்சிருக்கீங்க, இப்படி ஒளிக்க" என்று அந்த அம்மாள் ஒருமுறை முணுமுணுத்ததோடு சரி.

மகள் ஒருத்திதான். பள்ளியில் நானூறு மீட்டர் ஓடியவள். உடற்பயிற்சி அறிவியலும் விளையாட்டு மேலாண்மையும் சேர்ந்த படிப்பு ஒன்று கல்லூரியில் இருக்கிறது, அதில் சேரப்போகிறேன் என்று அவள் சொன்னபோதே ஆபீசரின் முகம் சுண்டிப்போயிற்று. அதற்கு மேல் ஒரு பங்கு உப்பைத் தூவியவர் மைத்துனர். மனைவிக்கு அண்ணன், நாற்காலி மேஜை மொத்த வியாபாரம். அவர் வாயில் விழுந்து எழுந்தவர்கள் ஒரு சுற்று இளைத்துத்தான் எழுந்திருப்பார்கள். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இலேசாகத் தொண்டையைக் கனைத்துவிட்டு, "ஓடறதுக்கு ஒரு டிகிரியா மாப்பிள்ளை? நாய் துரத்தினா நாங்க எல்லாருமே பாஸ்தானே?" என்றார். மேஜையே குலுங்கியது. ஆபீசர் மட்டும் சிரிக்கவில்லை. நெஞ்சு நோய் வந்து படுத்தவர்களை மறுபடி நடக்க வைக்கிற படிப்பு அது, முடித்த கையோடு என் மகள் ஆஸ்பத்திரியில் இருப்பாள் என்று, தனக்கே அரைகுறையாகத் தெரிந்த ஒன்றை, நிலையத்தில் உத்தரவு போடுகிற குரலில் சொல்லிவிட்டார். பத்துப் பேர் காதில் விழுந்த பிறகு அது குடும்பத்தின் வார்த்தை. அதைக் காப்பாற்றியாக வேண்டும்.

முதல் வருடம் முழுக்க மகள் வீட்டைப் படாதபாடு படுத்தினாள். தசைகளின் பெயரை மனப்பாடம் செய்ய அம்மாவின் தோளிலும் முழங்கையிலும் சீட்டு எழுதி ஒட்டுவாள். அந்த அம்மாள் ஒரு நாள் கழுத்துக்குப் பின்னால் சீட்டோடேயே கடைக்குப் போய்வந்து, ஏன் எல்லாரும் பின்பக்கமே பார்க்கிறார்கள் என்று வீட்டுக்கு வந்து கேட்டாள். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பை அளக்கிற இடுக்கி ஒன்று கல்லூரியில் கொடுத்தனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவர் போனவர் ஒருவரையும் விடவில்லை, கிள்ளி அளந்து நோட்டில் எழுதினாள். மைத்துனரின் இடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, கருவி பத்தலை" என்று மரியாதையாகச் சொன்னாள். அன்றைக்கு ஆபீசர் சிரித்தார்.

இரண்டாம் வருடம் அந்தச் சிரிப்பு குறைந்தது. விளையாட்டுப் படிப்பு என்று வந்து சேர்ந்தவர்களில் கால்வாசிப் பேர் புள்ளியியலிலும் வேதியியலிலும் விழுந்து ஓடிப்போனார்கள். மகளும் புள்ளியியலில் ஒருமுறை தோற்றாள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, ஓடியவன் தசை எவ்வளவு களைத்திருக்கிறது என்று பார்க்கிற பரிசோதனை உண்டு; அடுத்தவர் விரலைத் தொடும் முன் தன் விரலில் நாற்பது தடவை குத்திப் பழக வேண்டும் என்பது அங்கே சட்டம். சாதத்தைப் பிசைய முடியாமல் இரண்டு வாரம் கரண்டியால் சாப்பிட்டாள். ஆபீசர் அதைப் பார்த்தும் பாராததுபோல இருந்தார். ஆனால் அன்றிலிருந்து அந்தப் படிப்பை அவர் மனதுக்குள் ஓட்டப் படிப்பு என்று நினைப்பதை நிறுத்திக்கொண்டார்.

அவளுடைய சிநேகிதி ஒருத்தி உண்டு. நடுவர் வேலை பார்ப்பவள் என்பதால் எல்லாருக்கும் அவள் விசில். விசில் மேலாண்மைப் பக்கம் போனவள். ஐயாயிரம் பேர் வருகிற போட்டிக்கு வாசல், படிக்கட்டு, கழிப்பறை, ஆம்புலன்ஸ் எல்லாம் எங்கே என்று திட்டம் வரைவது அவளுக்குப் பரீட்சை. வரைபடத்தை ஒரு நாள் இவர்கள் வீட்டுக் கூடத்தில் விரித்தாள். ஆபீசர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். மூன்றாம் வாசல் கதவு உள்பக்கம் திறக்கிறது, நெரிசலில் ஒரு மனுஷன் வெளியே போக முடியாது என்று விரலை வைத்தார். விசில் பதறிப்போய் அழித்து எழுதினாள். மேலாண்மையும் ஒன்றும் லேசான காரியமில்லை என்று ஆபீசருக்குத் தோன்றியது. தோன்றியதே தவிர வெளியே சொல்லவில்லை. உறவில் சொல்லி வைத்திருந்தது ஆஸ்பத்திரி அல்லவா.

மூன்றாம் வருடக் கடைசியில் ஒவ்வொருவரும் ஆறு மாதம் வெளியே பயிற்சிக்குப் போக வேண்டும். பாதிப் பேருக்கு மைதானங்கள், மீதிப் பேருக்கு உடற்பயிற்சிக் கூடங்கள். பெரிய ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவு வருடத்துக்கு ஒரே ஒருவரை எடுத்துக்கொள்ளும், நன்றாகச் செய்தால் அங்கேயே வேலை. இந்த வருடம் அந்த இடத்துக்கு இரண்டு பேர் மோதினார்கள். ஒருத்தி மகள், இன்னொருவன் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிற ஒல்லிப் பையன். முடிவு செய்முறைப் பரீட்சையில் இருந்தது. ஆளுக்கு ஒருவரை, ஐம்பது வயதுக்கு மேற்பட்டவராக, வீட்டிலிருந்து கூட்டிவந்து, எல்லார் முன்னிலையிலும் சைக்கிள் சோதனை நடத்திக் காட்ட வேண்டும். நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பளுவைக் கூட்டுவார்கள். நெஞ்சில் கட்டிய பட்டை துடிப்பைச் சொல்லும். பளு ஏற ஏறத் துடிப்பு எவ்வளவு குறைவாக ஏறுகிறதோ, அந்த உடம்பு அவ்வளவு வலுவானது என்று கணக்குப் போடுவார்கள்.

யாரைக் கூட்டிப்போவது என்று மகள் கேட்கக்கூட இல்லை. ஆபீசரே நான் வருகிறேன் என்றார். மைத்துனரையும் வரச் சொல்லித் தகவல் அனுப்பினார்.

அதற்கு முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. பதின்மூன்று கேள்விகள். நெஞ்சு வலி வந்ததுண்டா, மயக்கம் வந்ததுண்டா என்று ஒவ்வொன்றாக மகள் வாசித்தாள், ஆபீசர் இல்லை இல்லை என்றார். ஒன்பதாம் கேள்வி, தற்போது ஏதேனும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பது. அதற்கும் இல்லை என்றார். மகள் பேனாவை எடுத்துவிட்டு, தினமும் சாப்பிடுகிற எதுவும் இல்லையா என்று இன்னொரு முறை கேட்டாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. இல்லை என்றால் இல்லைதான் என்று ஆபீசர் சொல்லி, கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். பரீட்சை அன்று காலையில், வாசலில் செருப்பு மாட்டும்போது, அவள் மூன்றாவது முறையும் கேட்டாள். அன்றைய நாளிலும் கேட்க வேண்டும் என்பது விதி. கேட்டதோடு நிற்காமல், "ஏதாவது இருந்தா இப்பச் சொன்னாலும் போதும்ப்பா, மாமாவை உட்கார வெச்சுக்கறேன்" என்றாள்.

மாமாவை என்று சொன்னதுதான் அவரைச் சுட்டது. "உங்க அப்பன் பொய் சொல்லுவான்னு நினைக்கிறியா?" என்று கேட்டார். மகள் தலையைக் குனிந்துகொண்டு கதவைச் சாத்தினாள்.

அவள் கேட்பதற்கு அரை மணி முன்னால் ஆபீசர் ஒரு முன்னேற்பாடு செய்திருந்தார். நாலு பேர் பார்க்க ரத்த அழுத்தம் அளப்பார்கள், எண் கூடிவிடக் கூடாது என்று, ஒரு மாத்திரைக்குப் பதிலாக இரண்டு போட்டுக்கொண்டார். அந்த மாத்திரை அழுத்தத்தை மட்டுமல்ல, இதயத் துடிப்பையும் பிடித்து நிறுத்தும் என்பதும், உடம்பு என்ன பாடுபட்டாலும் துடிப்பை ஏறவிடாது என்பதும் அவருக்குத் தெரியாது. டாக்டர் சொல்லியிருப்பார். ஆபீசர்தான் எப்போது வெளியே போகலாம் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாரே.

ஆய்வுக்கூடம் நீளமானது. ரப்பர் தரையும் வியர்வையும் சேர்ந்த வாடை. ஒரு பக்கம் ஆறு சைக்கிள்கள், எதிரே வீட்டாருக்கு நாற்காலிகள். மைத்துனர் புதுச் சட்டையும் வாசனைத் தைலமுமாக முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். விசில் பின்னால் நின்றாள். பேராசிரியை, நரைத்த குட்டை முடியும் கையில் அட்டையுமாக, ஒருவர் பின் ஒருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மகள் வேலையைப் பார்த்து ஆபீசருக்கு நெஞ்சு நிறைந்தது. பதற்றமே இல்லை. இருக்கையின் உயரத்தை முழங்கால் மடிப்புப் பார்த்துச் சரிசெய்தாள். பட்டையைக் கட்டினாள். உட்கார்ந்த நிலையில் துடிப்பு ஐம்பது என்று எழுதினாள். எழுதிவிட்டு ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்தாள். தாளக்கருவி டொக் டொக் என்று அடிக்க, அதற்கு ஈடாக மிதிக்கச் சொன்னாள்.

முதல் மூன்று நிமிடம் ஒன்றுமில்லை. அடுத்த மூன்றில் தொடை கனத்தது. மூன்றாவது பளு ஏறியதும், எரிகிற கட்டடத்தில் நனைந்த குழாயைத் தோளில் போட்டு நாலு மாடி ஏறியதெல்லாம் எந்த மூலைக்கு என்று ஆகிவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டியது. மூச்சு துண்டு துண்டாக வந்தது. மிதிப்பவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று அவரே சொல்ல வேண்டும். அதற்கு ஒரு அட்டை உண்டு. ஆறு என்றால் சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரி, இருபது என்றால் இதற்கு மேல் முடியாது. மகள் அட்டையை நீட்டினாள். ஆபீசர் எட்டில் விரலை வைத்தார். அந்த விரல் நடுங்கியது. துடிப்பு தொண்ணூற்று இரண்டு. மகள் எண்ணைப் பார்த்தாள், வழிகிற வியர்வையைப் பார்த்தாள், நிறுத்திக்கொள்ளலாமா என்று மெல்லக் கேட்டாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். அவள் எழுதினாள்.

கணக்குப் போட்டதும், முப்பது வயதுக்காரரின் உடம்பு என்று வந்தது. மைத்துனர் தொடையில் தட்டி, மறுபடி வேலைக்குப் போங்க மாப்பிள்ளை, பென்ஷனைத் திருப்பிக் கேக்கப்போறாங்க என்றார். கூடமே சிரித்தது. ஆபீசர் இறங்கினார். இறங்கியபோது தரை ஒரு பக்கம் சாய்ந்தது. மகள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், யார் கண்ணிலும் படாத மாதிரி, மேசையை நகர்த்துகிறவள்போல. மைத்துனருக்குப் பக்கத்து நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்தாள்.

பேராசிரியை வந்தார். தாளைப் பார்த்தார். ஆபீசரின் ஈரச் சட்டையையும், தன்னாலே ஆடிக்கொண்டிருந்த அவர் முழங்காலையும் பார்த்தார். பிறகு மகளிடம் கேட்டார்.

"இவர் ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?"

மகள் உடனே பதில் சொல்லவில்லை. நிறுத்த மறந்த தாளக்கருவி டொக் டொக் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஆபீசருக்கு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. சாப்பிடுகிறேன் என்று ஒரே ஒரு சொல். பக்கத்தில் மைத்துனரின் தைல வாசனை. பத்துப் பன்னிரண்டு வீட்டார் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்த சொல்லை ஆபீசர் விழுங்கினார்.

"கேக்க மறந்துட்டேன் மேடம்" என்றாள் மகள்.

பேராசிரியை அவள் கையில் இருந்த பரீட்சை ஃபைலை வாங்கினார். ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, சரி என்று சொல்லி அடுத்த சைக்கிளுக்குப் போனார்.

பாவம், சின்னப் பொண்ணு, பதட்டத்துல மறந்துட்டா என்றார் மைத்துனர், கேலி இல்லாமல், நிஜமான இரக்கத்தோடு. ஆபீசர் ஆமாம் என்று தலையாட்டினார்.

வாயை மூடிக்கொண்டிருந்ததையாவது பலவீனம் என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்தத் தலையாட்டலுக்கு அவர் இன்றுவரை பெயர் தேடிக்கொண்டிருக்கிறார். மூன்று முறை கேட்டவளை மறதிக்காரி என்று, பெற்ற தகப்பன், நாலு பேர் பார்க்க ஒப்புக்கொண்ட தலையாட்டல் அது.

வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். இதயப் பிரிவு ஒல்லிப் பையனுக்கு. மகளுக்கு நகர விளையாட்டரங்கின் அலுவலகம். சாப்பிடும்போது அவள் இதை, மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரி சொன்னாள். மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஆபீசரைப் பார்த்தாள். முப்பத்து மூன்று வருடத்தில் அந்த அம்மாள் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை ஆபீசர் மடிப்புக் கலையாத சட்டையில் பேராசிரியையின் அறைக்குப் போனார். ஜன்னலோரம் வலையில் பந்துகள், மேஜை மேல் பிளாஸ்டிக் முதுகெலும்பு. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நின்றபடியே, மகள் மறக்கவில்லை, மூன்று முறை கேட்டாள், பொய் சொன்னது நான், மாத்திரை ஒன்றரை வருடமாகச் சாப்பிடுகிறேன், தப்பு என்னுடையது, இடத்தை அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று, அறிக்கை வாசிக்கிற மாதிரி சொல்லி முடித்தார். சொல்ல முடிந்ததே என்று தன்மேல் ஒரு சின்ன மரியாதைகூட வந்தது.

பேராசிரியை அதற்கு ஆச்சரியப்படவில்லை.

"தெரியும். படிவத்துல ஒன்பதாம் கேள்விக்கு நேரா இல்லைன்னு எழுதியிருக்கு. கீழ உங்க கையெழுத்து. அதை அன்னைக்கே பாத்துட்டேன்."

"பாத்தும் அவளைத் தண்டிச்சீங்களா?"

"மறந்திருந்தா மன்னிச்சிருப்பேன். மூணாம் வருஷத்துல எல்லாரும் எதையாவது மறப்பாங்க. இவ மறக்கலை. எண்ணைப் பாத்தா, உங்க முகத்தைப் பாத்தா, புரிஞ்சுகிட்டா. புரிஞ்சப்பறம் சோதனையை நிறுத்தலை. நான் கேட்டதும் மறைச்சுட்டா. இதயப் பிரிவுக்கு வர்றவங்க பாதிப் பேர் உங்கள மாதிரிதான் சார். அவங்க மானத்தைக் காப்பாத்தற பொண்ணை அங்க அனுப்பினா, ஒரு நாள் யாராவது மானத்தோட செத்துப்போவாங்க."

அன்றைக்கு எத்தனை மாத்திரை போட்டீர்கள் என்று பேராசிரியை கேட்டார். இரண்டு என்றார். இன்றைக்கே டாக்டரைப் போய்ப் பாருங்கள், அன்றைக்கே சைக்கிள் மேலேயே போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று சொல்லி, எழுந்து வந்து வாசல்வரை வழியனுப்பினார்.

நடைபாதையில் நடக்கும்போது பழைய தீ ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு கிடங்குக்காரர், உள்ளே சிலிண்டர் எதுவும் இல்லை என்று சொன்னார். அனுமதி இல்லாமல் ஆறு வைத்திருந்தார். அதில் ஒன்று வெடித்து நிலையத்து ஆள் ஒருவனுக்குக் கை வெந்துபோனது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் உள்ளதைச் சொல்ல உனக்கு நாக்கு இல்லையா என்று அந்தக் கிடங்குக்காரரின் சட்டையைப் பிடித்தவர் இதே ஆபீசர்தான். மறைக்கிறது என்கிற வித்தையை மகள் அந்தக் கல்லூரியில் படிக்கவில்லை. வீட்டிலிருந்துதான் கொண்டுபோயிருக்கிறாள்.

மாலையில் மகள் கூடத்தில் விளையாட்டரங்கின் பச்சைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஆபீசர் எதிரே வந்து நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார். வந்த இடத்தில் கோபமாகத்தான் வாய் திறந்தது.

"எங்கப்பா பொய் சொல்லிட்டார்னு சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"மாமா பக்கத்துல உக்காந்திருந்தார்."

"இருந்தா இருக்கட்டும். உன் மூணு வருஷப் படிப்பும்மா."

மகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "மேடம் கேட்டதும் நான் கொஞ்ச நேரம் பேசாம நின்னேனே, கவனிச்சீங்களா?"

கவனித்திருந்தார்.

"நீங்க சொல்லுவீங்கன்னு நின்னேன்ப்பா."

குரலில் குற்றம் சாட்டுகிற தொனி துளியும் இல்லை. நடந்ததைக் கேட்டார், நடந்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சட்டையைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் தேய்த்தாள். அவர் அங்கேயே நின்றிருந்தார். இதற்கு முன் அந்தக் கூடத்தில் எத்தனையோ முறை கம்பீரமாக நின்றிருக்கிறார். நிற்பதற்கு இத்தனை கஷ்டப்பட வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

விளையாட்டரங்கில் மகள் நன்றாகத்தான் வேலை செய்தாள். வாசல்களும் இருக்கை வரிசைகளும் தண்ணீர்க் குழாய்களும் அவள் பொறுப்பு. எது எங்கே இருக்கிறது என்று விசிலே அவளுக்குப் போன் போட்டுக் கேட்பாள். ஆனால் முன்போல வீட்டுக்கு வருகிறவர்களை இடுக்கியால் கிள்ளி அளப்பதில்லை. புத்தகங்களை ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கி, கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைத்துனர் வீட்டில் சாப்பாடு. மகளுக்கு அன்று போட்டி, அதனால் வரவில்லை. சோறு பரிமாறியதும் மைத்துனர் கேட்டார், பெண் ஆஸ்பத்திரியில் எந்த மாடி, நம்ம ஆள் ஒருத்தரை அங்கே காட்ட வேண்டும் என்று. மனைவி தட்டைப் பார்த்தாள். இன்னும் அங்கே சேரவில்லை என்று சொல்லி நகர்ந்திருக்கலாம். ஆபீசர் கையைத் துடைத்துக்கொண்டார். அவள் ஆஸ்பத்திரியில் இல்லை, விளையாட்டரங்கில் இருக்கிறாள் என்றார். அன்றைக்கு அவள் எதையும் மறக்கவில்லை, நான் மாத்திரை சாப்பிடுவதை மறைத்தேன், என்னை மறைக்க அவள் தன்னைக் கெடுத்துக்கொண்டாள், பக்கத்தில் உட்கார்ந்து நான் தலையாட்டினேன் என்று ஒன்று விடாமல் சொன்னார்.

எந்த வார்த்தை வரப்போகிறதோ என்று ஆபீசர் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தார். மைத்துனர் சட்டைப் பையில் கைவிட்டார். பாதி தீர்ந்த ஒரு மாத்திரை அட்டையை எடுத்துத் தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நாலு வருஷமாச்சு மாப்பிள்ளை. சாப்பிட்டு முடிச்சதும் கை கழுவற சாக்குல பின்பக்கம் போய்ப் போட்டுக்குவேன்."

"ஏன்?"

"நீங்க முன்னாடி உக்காந்திருக்கீங்களே. மாத்திரை முழுங்கறவங்க கிடையாதுன்னு சொல்ற வீட்டு ஆள் எதிர்ல எப்படிப் போடறது?"

மைத்துனரின் மனைவி, எனக்குச் சர்க்கரைக்கு இரண்டு என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். ஆபீசரின் மனைவியும், அடக்க முடியாமல், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் எல்லாருமே சிரித்தார்கள். அது இளக்காரச் சிரிப்பு இல்லை. வருடக்கணக்காக விறைப்பாக உட்கார்ந்திருந்த ஒரு மேஜை காலை நீட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. யாரிடமிருந்து குடும்ப மானத்தைக் காப்பதாக நினைத்தாரோ, அந்த மனுஷன் இத்தனை நாளாக இவருக்குப் பயந்து கொல்லைப்புறத்தில் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்கு அந்த ஆய்வுக்கூடத்தில் வாயைத் திறந்திருந்தால் மிஞ்சிப்போனால் இந்தச் சிரிப்புதான் வந்திருக்கும்.

ஆபீசருக்குச் சோறு இறங்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போய் மகளுக்குப் போன் போட்டார். என்ன சொல்லப்போகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. மூன்றரை மணிக்கு ஆட்டம் தொடங்கியிருக்கும்.